கணித மேதை இராமானுஜனும் பகா எண்களும்

சீனிவாச இராமானுஜன் என்னும் பெயரை அறியாத தமிழ்க் குடும்பம் இருத்தல் அரிது. நம் பிள்ளைகள் இங்கே மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பாடம் படித்தாலும், கணிதப் புத்தகத்தில் அன்னாரது படத்தைக் கண்டவுடன் இவர் நம்மவர் என்று பெருமையோடு வீட்டில் வந்து சொல்லுகின்றனர். அவர் பிறந்த டிசம்பர் 22-ஆம் நாள், 2012-ஆம் ஆண்டு முதல் தேசியக் கணித நாளாக நாடெங்கும் கொண்டாடப்பட்டு வருகிறது. ஆயினும் அவரைப் பற்றி நம்மிடையே வழங்குவன பெரும்பாலும் இரண்டு செய்திகளே. ஒன்று, வாடகை மோட்டார் வண்டியின் எண்ணாகிய 1729-ஐப் பற்றியது. இரண்டு வெவ்வேறு வகையில் இரு கனங்களின் கூட்டாக எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்று நோய்ப் படுக்கையில் இருந்தவாறே அவர் கூறினார் என்பர். மற்றொன்று, நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களை அருளினாள் என்பது. இவ்விரண்டையும் கேட்டுக் கேட்டுப் பழகிய அன்பர்களுக்கு, அவருடைய வாழ்க்கையில் பகா எண்கள் செய்த விளையாட்டைச் சொல்லலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராய்க் காலங் கழிக்கும் எனக்கு எட்டிய அளவில் எழுதியுள்ளேன்.

பகா எண் என்பது தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண். 2, 3, 5, 7, 11, 13 என அவ்வரிசை செல்லும். 1729 பகா எண்ணன்று. அது 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கம். செங்கற்களை அடுக்கிச் சுவர் எழுப்புவதுபோல, எல்லா எண்களும் பகா எண்களின் பெருக்கத்தால் அமைகின்றன. அவை எண்ணிலடங்காதன என்று கிரேக்க அறிஞர் யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே காட்டிவிட்டார். ஆனால் அடுத்த பகா எண் எங்கே வரும், ஓர் எல்லைக்குள் அவை எத்தனை இருக்கும் என்னும் கேள்விகள் பேரறிஞர்களையெல்லாம் திணற வைத்தன. 100-க்குள் 25 பகா எண்கள், 1,000-க்குள் 168, பத்து இலட்சத்துக்குள் 78,498. எண்கள் பெருகப் பெருக அவை அருகிக்கொண்டே போகின்றன. ஆனால் ஒழுங்காக அருகுவதில்லை.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு ஈரோட்டில் தாயைப் பெற்ற பாட்டியார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஜவுளிக் கடையொன்றில் கணக்கெழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள். வீட்டில் வறுமைக்குக் குறைவில்லை. டவுன் ஹைஸ்கூலில் கணிதத்தில் பரிசுகள் பெற்ற அச்சிறுவனுக்குப் பதினைந்து பதினாறு வயதில் கார் என்பவர் தொகுத்த ஆங்கில நூல் ஒன்று கிடைத்தது. சுமார் 5,000 கணித முடிவுகளை எண் போட்டு நிரல்பட அடுக்கிய நூல் அது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காக எழுதப்பட்டதாகையால், முடிவுகள் இருக்கும். அவற்றை நிறுவும் முறை பெரும்பாலும் இராது, இருந்தாலும் ஓரிரு வரிக்குறிப்பே இருக்கும். இராமானுஜன் அவற்றைத் தாமே மெய்ப்பித்துப் பார்த்துக்கொண்டு, அதே பாணியில் தம் சொந்த முடிவுகளையும் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். காகிதம் வாங்கப் பொருளில்லை. கணக்கையெல்லாம் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் ஏட்டில் ஏற்றினார். வழி அழிந்துபோயிற்று; விடை நின்றது. பிற்காலத்தில் அவருக்கு நேர்ந்த பெருமைக்கும் இடர்ப்பாட்டுக்கும் இப்பழக்கமே வித்தாயிற்று என்பது என் எண்ணம்.

இவ்விடத்தில் நாம் வாழும் மண்ணைப் பற்றி ஒரு சொல். பழைய கொச்சி நாட்டைச் சேர்ந்த இரிஞ்ஞாலக்குடாவே சங்கமகிராமம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். 14-ஆம் நூற்றாண்டில் பிறந்த மாதவர் என்னும் கணிதர் அவ்வூரினர். வட்டத்தின் சுற்றளவைக் காண முடிவிலாத் தொடர்களை அமைத்தவர் அவர். அவர் வழிவந்தோர் கண்டவற்றை 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் யுக்திபாஷை என்னும் நூலாக எழுதினார். அந்நூலின் சிறப்பு, விடையை மட்டும் கூறாமல், அது ஏன் அவ்வாறு அமைகிறது என்ற யுக்தியையும் படிப்படியாக விளக்குவதாகும். கும்பகோணத்து இளைஞருக்கு வாய்த்த நூல் அத்தகையதாக இருந்திருப்பின் என்ன ஆகியிருக்குமோ!

மெட்ரிகுலேஷனில் தேறி, 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதமன்றி வேறெதிலும் மனம் செல்லாமையால் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். வீட்டை விட்டு விசாகப்பட்டினம் வரை ஓடியதும் உண்டு. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. அங்கும் உடலியல் பாடம் அவரைக் கைவிட்டது. எப்.ஏ. தேர்வில் அவர் தேறவேயில்லை. ஆக, தம் இருபதாவது வயதில் அவர் கையில் இருந்த சான்றிதழ் மெட்ரிகுலேஷன் ஒன்றுதான். 1909-இல் ஜானகி என்னும் சிறுமியைத் திருமணம் செய்து வைத்தனர். வேலையில்லை, உடல்நலமும் இல்லை, குறிப்பேடுகள் மட்டும் தடித்துக்கொண்டே சென்றன.

அவற்றைத் தூக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார். திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்தவரும் இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் தோற்றுவித்தவருமான இராமசாமி ஐயர், அவ்வேடுகளைப் புரட்டிப் பார்த்தார். இத்தகையவரைத் தாலுகா அலுவலகத்தின் கடைநிலை எழுத்தராக அமர்த்த அவருக்கு மனம் வரவில்லை. சென்னை நண்பர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தனுப்பினார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துச் சிலகாலம் ஆதரித்தார். 1911-இல் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை கணிதச் சங்க இதழில் வெளிவந்தது. அது பெர்னூலி எண்கள் என்னும் பின்ன வரிசையைப் பற்றியது. அவ்வரிசையில் பன்னிரண்டாவதாகக் குறிக்கப்படும் பின்னத்தின் மேலெண் 691, கீழெண் 2730. இந்த 691 ஒரு பகா எண். அன்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னே அது மீண்டும் வரும்.

ஒருவர் தருமத்தில் உண்பது அவருக்கு உறுத்தியது. 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பிரிவு எழுத்தரானார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். இந்திய இரயில்வேயில் பொறியாளராய்ப் பெயர் பெற்ற பின் துறைமுகத்துக்கு வந்தவர் அவர் என்பதில் நம் இலாகாவினர்க்குச் சிறிது மகிழ்ச்சி உண்டு. அவருக்குக் கீழே இருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் அறிந்தவர். இருவரும் இந்த எழுத்தரின் மதிப்பை உணர்ந்தனர். பகலெல்லாம் பேரேடும் இரவெல்லாம் சிலேட்டுமாக நாட்கள் சென்றன. வில்லிங்டன் தீவிலும் துறைமுக அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் நம் அன்பர்களுக்கு அந்த மேசையும் நாற்காலியும் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மேசையிலிருந்துதான் 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அந்தப் புகழ் பெற்ற கடிதம் சென்றது. இதற்கு முன் வேறிரு ஆங்கிலப் பேராசிரியர்களுக்கு எழுதிப் பயனில்லாமற் போயிற்று. தாம் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் துறைமுக எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் மறைக்காமல் தெரிவித்திருந்தார். உடன் பல தாள்களில் நூற்றுக்கு மேற்பட்ட முடிவுகள். அக்கடிதத்தின் தொடக்கத்திலேயே அவர் தொட்ட பொருள் பகா எண்களாகும். ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதைக் கூறும் திட்டமான கோவை இதுவரை காணப்படவில்லை என்று ஹார்டி தம் நூலொன்றில் எழுதியிருந்தார். அதைத் தாம் கண்டுவிட்டதாகவும், அதில் நேரும் பிழை பொருட்படுத்தத் தக்கதன்று என்றும் இராமானுஜன் தெரிவித்தார்.

கடிதத்தில் இருந்த பிற முடிவுகளைக் கண்டு ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் வியப்பில் ஆழ்ந்தனர். ஆனால் பகா எண் பற்றிய கூற்றுக்கு மட்டும் நிரூபணம் அனுப்புமாறு ஹார்டி வற்புறுத்தினார். ஏனெனில் அவ்விடத்தில்தான் தவறு நேரக்கூடும் என்று அவருக்கு ஐயம். அவ்வையம் சரியாயிற்று.

தவறு யாது என்பதைச் சற்று விரித்துக் கூறுகிறேன். இராமானுஜன் தாமாகக் கண்ட தொடர், அரை நூற்றாண்டுக்கு முன் 1859-இல் ஜெர்மானிய அறிஞர் ரீமான் அமைத்த கோவையோடு ஒத்தது. ரீமானின் பெயரையே அவர் அன்று கேள்விப்பட்டிருந்தாரோ என்பது ஐயம். அந்தத் தொடரைக் கொண்டு பத்து இலட்சத்துக்குள் உள்ள பகா எண்களைக் கணித்தால் 78,527 வருகிறது, உண்மை 78,498. மிகுதி 29. பத்துக் கோடிக்குள் உண்மையில் 57,61,455 பகா எண்கள்; தொடர் தரும் மிகுதி 97. நூறு கோடிக்குச் சென்றால் உண்மை 5,08,47,534. இப்போது தொடர் 79 குறைத்துக் காட்டுகிறது. ஐந்து கோடியில் எழுபத்தொன்பது! மனிதனின் அறிவு எட்டிய இந்த அண்மையே மலைக்கத்தக்கது. ஆனால் பிழை ஏறக்குறைய இல்லை என்று அவர் கூறியதுதான் பொருந்தவில்லை. பேரேட்டில் ஒரு பைசா இணங்காவிட்டாலும் அன்றைய கணக்கை முடிக்க இயலாது என்பதை நம் கணக்குப் பிரிவினர் நன்கறிவர். கணிதம் அதனினும் கண்டிப்பானது.

மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு இதை விளக்க உவமை கண்முன்னே உள்ளது. காயல் நீரின் சராசரி மட்டத்தை ஒருவர் துல்லியமாகக் கணித்துவிடலாம். ஆனால் கடல் ஏறுவதும் இறங்குவதும் அச்சராசரிக்குள் அடங்கா. நீர் ஏறி வாசற்படியை நனைக்கும் நாளில் சராசரியைக் கூறி என்ன பயன்? பகா எண்களின் எண்ணிக்கையிலும் இவ்வாறு ஒரு சராசரிப் போக்கும், அதன்மேல் ஓயாத அலைவும் உண்டு. அந்த அலைவு எங்கிருந்து பிறக்கிறது என்பதை ரீமான் காட்டியிருந்தார். அதை விளங்கிக்கொள்ளச் சிக்கலெண் கணிதம் என்னும் துறையில் பயிற்சி வேண்டும். அத்துறை நூல்கள் கும்பகோணத்திலோ துறைமுக அலுவலகத்திலோ அவர் கைக்கு எட்டவில்லை. ஆகவே சராசரியைத் தம் நுண்ணறிவால் தாமே கண்டவர், அலையைக் காணவில்லை. 1914-இல் லிட்டில்வுட், நெடுங்காலம் அறிஞர் நம்பியிருந்த வேறொரு மதிப்பீட்டுச் சூத்திரமும் ஒருபுறமாகவே தவறுவதன்று, முடிவின்றி இருபுறமும் மாறி மாறித் தவறும் என்று நிறுவினார். கோடானுகோடிவரை எண்ணிப் பார்த்தாலும் புலப்படாத உண்மை அது. எண்ணிப் பார்த்து மட்டும் பகா எண்களை நம்ப இயலாது என்பது அப்போது எல்லார்க்கும் தெளிவாயிற்று.

இக்காலத்துப் பெற்றோர் சிலர், ஒரு தேர்வில் தவறிய பிள்ளையை முழு மூடன் என்று முடிவு கட்டுகின்றனர். ஹார்டி அவ்வாறு செய்யவில்லை. தவறான பக்கத்தை ஒதுக்கிவிட்டு, சரியான பக்கங்களுக்காக அவரை அழைத்தார். அதற்கிடையே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமேதும் இல்லாத இவருக்கு 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம் என்று தாயார் முதலில் மறுத்தார். பின்னர்க் கனவில் நாமகிரித் தாயாரின் உத்தரவு கிடைத்ததென்று இசைந்தார் என்பர். கேம்பிரிட்ஜிலிருந்து வந்த நெவில் என்னும் இளம் அறிஞரும் வற்புறுத்தினார். 1914 மார்ச்சு 17-ஆம் நாள் குடுமியைக் களைந்து, கால்சட்டை அணிந்து, நெவாசா என்னும் கப்பலில் ஏறினார். ஜானகி அம்மையார் கும்பகோணத்தில் மாமியாரோடு தங்கினார்.

அங்கே சென்ற சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. மரக்கறி உணவு கிடைப்பது அரிதாயிற்று. தாமே சமைத்து உண்டு, குளிரில் நடுங்கி, இரவு பகலாக ஆராய்ந்தார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் அவருக்கு நிரூபணம் என்னும் கலையைக் கற்பிக்க முயன்றனர். அதிகம் கற்பித்தால் ஊற்று வற்றிவிடுமோ என்ற அச்சமும் ஹார்டிக்கு இருந்தது. 1916-இல் ஆராய்ச்சிக்காக அவருக்குப் பி.ஏ. பட்டம் அளிக்கப்பட்டது. எப்.ஏ. தேறாதவர் பி.ஏ. ஆனார்.

அதே 1916-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில்தான் நாம் காணப்போகும் பெரிய பகா எண்ணின் வித்து இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒரு குறியீட்டைக் கழித்தது ஒரு கோவை. அக்குறியீட்டின் வர்க்கத்தைக் கழித்தது அடுத்தது. கனத்தைக் கழித்தது அதற்கடுத்தது. இவ்வாறு முடிவின்றிச் செல்லும் கோவைகளையெல்லாம் பெருக்கி, அப்பெருக்கத்தை 24-ஆம் அடுக்குக்கு உயர்த்தி விரித்தால் வரிசையாகச் சில எண்கள் கிடைக்கும். முதலாவது 1, இரண்டாவது −24, மூன்றாவது 252, நான்காவது −1472, ஐந்தாவது 4830, ஆறாவது −6048. கிரேக்க எழுத்தொன்றின் பெயரால் இவற்றை டௌ எண்கள் என்று வழங்குவர். முப்பது வரை அவர் பட்டியலிட்டார். பட்டியலை உற்று நோக்கியபோது அவருக்கு ஒழுங்கு புலப்பட்டது. இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கினால் ஆறாவது வருகிறது. அன்பர்கள் −24-ஐ 252-ஆல் பெருக்கிப் பார்க்கலாம். மூன்றாவதன் வர்க்கத்திலிருந்து 3-இன் 11-ஆம் அடுக்கைக் கழித்தால் ஒன்பதாவது கிடைக்கிறது: 63,504-இலிருந்து 1,77,147 போக −1,13,643. பகா எண்களின் இடத்தில் நிற்கும் டௌ எண்களை அறிந்தால் ஏனையவெல்லாம் கைக்குள் வந்துவிடும். மேலும் பகா எண்ணின் இடத்தில் நிற்கும் டௌ எண்ணின் வர்க்கம், அப்பகா எண்ணின் 11-ஆம் அடுக்கைப்போல் நான்கு மடங்கை மிஞ்சாது என்றும் அவர் ஊகித்தார்.

இம்மூன்றையும் அவர் நிறுவவில்லை. ஆனால் இம்முறை உண்மை என்று சாதிக்கவும் இல்லை. ஊகம் என்றே வைத்தார். மூன்றாண்டுக்கு முன் கடிதம் எழுதிய கைக்கும் இந்தக் கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முதலிரண்டை மறு ஆண்டே மார்டெல் என்பவர் நிறுவினார். மூன்றாவதற்கு உலகம் 1974 வரை காத்திருக்க நேர்ந்தது. பெல்ஜிய நாட்டு அறிஞர் தெலீஞ் அதை மெய்ப்பித்தார்.

691 மீண்டும் வரும் என்றேன், இங்கேதான் வருகிறது. ஓர் எண்ணின் வகுத்திகள் ஒவ்வொன்றையும் 11-ஆம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டுக. அத்தொகையிலிருந்து அவ்வெண்ணுக்குரிய டௌ எண்ணைக் கழித்தால், மீதமானது எப்போதும் 691-ஆல் வகுபடும் என்று இராமானுஜன் கண்டார். இரண்டுக்குப் பார்ப்போம். வகுத்திகள் 1, 2. அடுக்குகளின் கூட்டு 2,049. டௌ எண் −24. கழிக்க 2,073, அது 691-இன் மும்மடங்கு. மூன்றுக்குக் கூட்டு 1,77,148; அதில் 252 போக 1,76,896; அது 691-இன் 256 மடங்கு. எங்கோ பெர்னூலி வரிசையில் கிடந்த 691 இங்கே எவ்வாறு புகுந்தது என்பதற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. அதை விளக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் பெருக்கி வகுத்துச் சரிபார்க்கும் தகுதி இம்மலரைப் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் உண்டு.

1917-இல் ஹார்டியும் அவரும் சேர்ந்து மற்றொரு முடிவு கண்டனர். ஒரு பேரெண்ணை எடுத்தால் அதற்குப் பொதுவாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்பது அது. இரயில் சரக்குப் பெட்டிகளின் பக்கத்தில் 11 இலக்க எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பெரிய எண்ணுக்கும் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு காரணிகளே இருக்கும் என்பது அம்முடிவின்படி வரும் கணக்கு. எண்களைப் பிரித்துக் கூட்டும் வகைகளைப் பற்றி இருவரும் செய்த பெரும்பணி தனிக் கட்டுரைக்குரியது.

1917-இலேயே உடல் தளர்ந்தது. காசநோய் என்று கருதி மருத்துவ விடுதிகள் பலவற்றில் வைத்தனர். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்பது பிற்கால மருத்துவர் ஒருவரின் ஆய்வு. 1918-இல் ராயல் சொசைட்டியின் எப்.ஆர்.எஸ். விருதும், அதே ஆண்டில் டிரினிட்டிக் கல்லூரியின் பெலோ பதவியும் வந்தன. 1919-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தபோது, தம் குடும்பச் செலவு போக எஞ்சுவதை ஏழை மாணவர்க்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் செலவிடுமாறு அவர் எழுதினார். சம்பள நாளையே எதிர்நோக்கி வாழும் நம்போன்றோர் இச்செய்தியை இருமுறை படிக்கத்தகும்.

அவ்வாண்டில் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்று என் மனத்தை மிகவும் கவர்ந்தது. எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் உண்டு என்னும் உண்மையைச் செபிஷெவ் என்ற ருசியர் முன்பே நீண்ட முறையில் நிறுவியிருந்தார். இராமானுஜன் அதை இரண்டே பக்கங்களில், ஐயத்துக்கு இடமின்றி, படிக்குப் படி காரணங் காட்டி நிறுவினார். அதோடு நில்லாமல், 11 முதல் எவ்வெண்ணை எடுத்தாலும் அதற்கும் அதன் பாதிக்கும் இடையே குறைந்தது இரண்டு பகா எண்கள், 17 முதல் மூன்று, 29 முதல் நான்கு, 41 முதல் ஐந்து என்றும் காட்டினார். 2, 11, 17, 29, 41 என்று செல்லும் இவ்வரிசைக்கு இன்று இராமானுஜன் பகா எண்கள் என்றே பெயர். அக்கட்டுரை வெளிவந்தது அவருடைய முதற்கட்டுரையைத் தாங்கிய அதே இந்தியக் கணிதச் சங்க இதழில்.

1919 மார்ச்சில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினார். தேக்குப்போல் சென்ற மகன் எலும்பும் தோலுமாய் வந்தான் என்று உறவினர் கலங்கினர். ஜானகி அம்மையார் இரவு பகலாகப் பணிவிடை செய்தார். படுக்கையிலேயே எழுதிக்கொண்டிருந்தார், புதியதொரு வகைச் சார்புகளைப் பற்றி 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் சென்றது. ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். வயது 32. அம்மையார்க்கு அப்போது 21. பின்னர்த் தையற்பணியால் தம் வாழ்வை நடத்தி, பல்லாண்டு திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, 1994-இல் மறைந்தார். கடைசி ஓராண்டில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் மறைந்து கிடந்து 1976-இல் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கர் கையில் அகப்பட்டன.

இனி அந்தப் பெரிய பகா எண். டௌ எண்களுள் பகா எண் ஏதேனும் உண்டா என்று ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் லேமர். மிகப் பெரிய எண்கள் பகா எண்களா என்று சோதிக்கும் முறைகளில் வல்லவர். டௌ எண்களில் ஒற்றைப்படை வர்க்கங்களின் இடத்தில் நிற்பவை மட்டுமே ஒற்றைப்படையாக அமையும், ஏனையவெல்லாம் இரட்டைப்படை. ஆகவே தேடவேண்டியது 9, 25, 49 போன்ற இடங்களில்தான். ஒவ்வொன்றாய்ச் சோதித்துக்கொண்டே சென்று, 251-இன் வர்க்கமாகிய 63,001-ஆம் இடத்தில் முதற்பகா எண்ணைக் கண்டதாக 1965-இல் அவர் அறிவித்தார். குறைக்குறி நீங்கலாக அவ்வெண் இது:

80561663527802406257321747

மொத்தம் 26 இலக்கங்கள். 1 முதல் 63,000 வரை எந்த இடத்திலும் பகா எண் இல்லை. இதை 691-ஆல் நீள் வகுத்தலாக வகுத்துப் பார்த்தேன், மீதி 485. மறுபுறம் 63,001-இன் வகுத்திகளாகிய 1, 251, 63,001 மூன்றையும் 11-ஆம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டி 691-ஆல் வகுத்தால் மீதி 206. டௌ எண் குறைக்குறி உடையதாதலால் 485-ஐ 691-இலிருந்து கழிக்க வேண்டும், அதுவும் 206. 1916-இல் எழுதிய விதி, அவர் மறைந்து 45 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த எண்ணோடு ஒரு காசு வேறுபாடின்றி இணங்குகிறது. விருப்பமுள்ள பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் தாமும் செய்து பார்க்கலாம்.

அளவில் இதைவிடப் பெரிய பகா எண்கள் இன்று பல உள. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ஒன்று 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. 2-ஐ 13,62,79,841 முறை தன்னோடு பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. இரு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கத்திலிருந்து அவற்றைப் பிரித்தறிவது அரிது என்னும் தன்மையின்மேல் 1977-இல் ஒரு மறைகுறியீட்டு முறை அமைக்கப்பட்டது. இணைய வழியில் நாம் ஊருக்கு அனுப்பும் பணத்துக்குக் காவலாக நிற்கும் முறைகளுள் அதுவும் ஒன்று.

லேமர் 1947-இலேயே இன்னொரு கேள்வியையும் எழுப்பியிருந்தார். டௌ எண்களுள் ஏதேனும் ஒன்று சுழியாகுமா என்பது அது. ஆகாது என்பதே அவர் கருத்து. கணிப்பொறிகள் எண்ணற்ற இடங்களைச் சோதித்துவிட்டன, ஒன்றும் சுழியாகவில்லை. ஆகவே ஆகாது என்பதற்கு நிரூபணத்தை இதுகாறும் எவரும் தரவில்லை.